நங்கைக்கு விழுந்த நிறம்

1

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சிமெண்டு முற்றம் இருக்கிறது. துவைத்த போர்வைகளை அங்கேதான் காயப்போடுவார்கள். போன வாரம் போர்வைகளுக்குப் பதிலாக அங்கே பெட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் வேலை பார்க்கும் இலங்கையில் தேர்தல் வருகிறது. நம் ஊரில் செய்தது போல இங்கேயும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுக்கிறார்கள். யாருக்குப் போட விருப்பமோ அவருடைய நிறம் பூசிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். மலைநாட்டில் எந்த நேரமும் மழை வரும் என்பதால், ஒதுங்குவதற்கு எங்கள் தாழ்வாரம் வசதி என்று பெயிண்டர் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துவிட்டார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். வரிசையின் கடைசியில் வெள்ளை.

இரத்தமும் சளியும் பரிசோதிக்கும் அறை என்னுடையது. அதற்குப் போக அந்த முற்றத்தைத் தாண்ட வேண்டும். கையில் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய தட்டோடு வந்தவள், வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

பெயிண்டர் வயதான சிங்களவர். என்ன நோனா, பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும் என்று பார்க்கிறீர்களா என்று அவர் மொழியில் கேட்டார். என் சிங்களம் சந்தையில் காய் வாங்கப் போதும்; அதற்கு மேல் போகாது. வெள்ளை நல்லதில்லை என்று எப்படியோ சொன்னேன். அவர் சிரித்தார். விகாரைக்கு வெள்ளை, தானத்துக்கு வெள்ளை, நல்ல காரியம் எல்லாவற்றுக்கும் வெள்ளைதானே என்றார். பிறகு தூரிகையால் என்னைச் சுட்டிக்காட்டினார். நான் கட்டியிருந்ததும் வெள்ளைச் சீலை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அதுதான் சீருடை.

அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் தமிழிலேயே "பயம்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் மொழியிலும் அது ஏறக்குறைய அதே சொல். சிரிப்பை நிறுத்தி, வெள்ளைப் பெட்டியைத் தூக்கிச் சுவரோரமாகத் திருப்பி வைத்தார். நான் தாண்டிப் போனேன்.

சேலம் ஜில்லாவில் பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்த சட்டசபைத் தேர்தலை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். என் அண்ணன் மனைவி நின்ற தேர்தல் அது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவர் ஜெயித்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் எவ்வளவு பயந்தோம் என்பது தெரிந்திருக்காது. அதை எழுதுகிறேன்.

2

எங்கள் தோட்டம் மல்லசமுத்திரத்துக்கு மேற்கே. அண்ணன் முத்துசாமி சர்க்காரை எதிர்த்து இருமுறை ஜெயிலுக்குப் போனவர். அவர் உள்ளே இருந்த காலத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது நங்கை நல்லம்மாள். மாடு, கிணறு, மஞ்சள் வெட்டு எல்லாம் அவர் பொறுப்பு. மழை பொய்த்த வருஷம் சுற்று ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தாலுகா கச்சேரிக்கு நடந்து, வரி தள்ளுபடி வாங்கி வந்தார். அதன் பிறகு வாய்க்கால் தகராறு, பட்டாத் தகராறு என்று எதுவானாலும் ஜனங்கள் எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். அண்ணன் திரும்பி வந்த பிறகும், "அம்மா இருக்கறாங்களா?" என்றே கேட்டார்கள். அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை. இருமலோடு திரும்பியிருந்தார், ஓய்வாக இருக்க முடிந்ததே போதும் என்றிருந்தார்.

தேர்தல் அறிவித்ததும் கட்சிக்காரர்கள் வந்தார்கள். தண்டனை அனுபவித்தவர் நிற்க முடியாது என்று சட்டம் இருந்தது. அண்ணன், "நல்லம்மா நிக்கட்டுமே" என்றார். வந்தவர்கள் மோரைக் குடித்துக்கொண்டே சிரித்தார்கள்.

"உங்க பேருக்கு வேண்டி ஓட்டு விழுமுங்க. அதுல சந்தேகமில்ல. ஆனா அம்மா மேடையேறிப் பேசுவாங்களா?" என்றார் ஒருவர்.

உள்ளே சோளம் புடைத்துக்கொண்டிருந்த நங்கை முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "அவுரு பேருக்கு விழற ஓட்டு எனக்கு வேண்டாமுங்க. தாசில்தாரு கச்சேரிக்கு நடந்தது நானு. எனக்குன்னு விழுந்தா விழுகட்டும்."

அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். யோசித்து, அந்த இடத்தை எங்கள் பக்கத்து மிட்டாதாருக்குக் கொடுத்தார்கள். பரம்பரைப் பணக்காரர், அதற்கு முந்தின வருஷம்வரை கட்சியின் பக்கமே வராதவர். செய்தி வந்த அன்று நங்கை அண்ணனிடம் கேட்டார்: "ஏனுங்க, கட்சி இல்லாம நிக்கப்படாதுன்னு சட்டம் இருக்குதா?"

"இல்ல புள்ள."

"அப்ப நிக்கறனுங்க."

அந்த வீட்டில் அப்போது நானும் இருந்தேன். சென்னையில் பரிசோதனை வேலை படித்து முடித்து, சேலத்தில் ஒரு டாக்டரிடம் சேர்ந்து, லீவு நாட்களில் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தேன். அண்ணன் மெலிந்துகொண்டே வந்தார். அவருடைய சளியை ஒரு புட்டியில் எடுத்துப் போனேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

3

நிறம் பிரிக்கும் நாளன்று நங்கையும் நானும் சேலத்துக்குப் போனோம். மிட்டாதாரின் கட்சிக்கு மஞ்சள் என்று முன்பே முடிவாகியிருந்தது. கட்சி இல்லாமல் நின்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். அதிகாரி ஒரு சீட்டைப் பிரித்து, நங்கையின் பெயரைப் படித்து, "வெள்ளை" என்றார்.

நான் நங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவருடைய கை சட்டென்று இறுகியது மட்டும் தெரிந்தது.

எங்கள் ஜில்லாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புருஷனை இழந்த பெண் அன்றிலிருந்து தன் கடைசி நாள்வரை கட்டுவது வெள்ளைச் சீலை. மற்றப் பெண்கள் எந்த நாளும் அதைக் கட்டுவதில்லை. துணிக்கடையில் கூட அதைத் தனியே வைத்திருப்பார்கள். கை தவறித் தொட்டுவிட்டால் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நிறம், இருமிக்கொண்டு கிடக்கும் ஒருவரின் மனைவிக்கு விழுந்திருக்கிறது.

வீட்டில் என் அம்மா அழவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"என்ற மகன் இருமிக்கிட்டுக் கெடக்கறான். நீ போயி வெள்ளைய வாங்கியாந்திருக்கறே."

"நான் வாங்கலீங்க அத்தை. விழுந்துது."

"விழுந்தா? வேண்டாம்னு சொல்லிப்போட்டு வரோணும். இல்லாட்டி நிக்கலீன்னு சொல்லிப்போட்டு வரோணும்."

"நிக்கறன்னு சொல்லிப்போட்டனுங்க அத்தை. சொன்னதுதான்."

அம்மா மருமகளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு அண்ணன் படுத்திருந்த கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

4

ஊர் ஊராகப் போனோம். ஒற்றை மாட்டு வண்டி. நங்கை முன்னால், நான் பின்னால். பொன்னே, மணியே என்று வரவேற்றார்கள். திருநீறு பூசினார்கள். பிறகு காதோடு ஒரு விஷயம் சொன்னார்கள். முதலில் சொன்னவர் நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. முகமெல்லாம் ஆவி. நங்கையின் கன்னத்தை மஞ்சள் கையாலேயே தடவினார்.

"உன்ற தாலி நெலைக்கோணும் சாமி. அதனால நான் மஞ்சப் பொட்டியிலதான் போடுவேன்."

"மஞ்சப் பொட்டி மிட்டாதாருதுங்க அக்கா."

"தெரியும் சாமி. அந்தாளு ஜெயிச்சா ஜெயிச்சுட்டுப் போறாரு. வெள்ளையில நானே என்ற கையால போட்டு, உன்ற நெத்திப் பொட்டு அழிஞ்சா, அந்தப் பாவத்த நான் எங்க கொண்டு தொலைக்கறது?"

ஒருவரில்லை, எல்லோரும் அதையே சொன்னார்கள். நிலமும் ஓட்டும் தங்கள் பெயரில் உள்ள விதவைப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் இன்னும் மோசம். வண்டியைக் கண்டதும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். தங்கள் நிழல் நங்கைமேல் விழக்கூடாதாம். பிரியம் இல்லாதவர்கள் எங்களுக்கு எதிராகப் போட்டால் அது தேர்தல். எங்கள்மேல் உயிரை வைத்திருந்தவர்களும் அப்படியே போடுவார்கள் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மிட்டாதாரின் ஆட்கள் எங்களைத் திட்டவில்லை, கல்லெறியவில்லை. அவர்களுடைய தமுக்குக்காரன் மட்டும் ஊருக்கு ஊர் எங்களுக்கு முன்னால் போய், "மஞ்சளுக்குப் போடுங்க, நல்லம்மா மகராசியா இருப்பாங்க" என்று அறிவித்தான்.

அந்த வாரம்தான் சேலத்தில் அண்ணனின் சளியைத் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். நீல நிறத்தின் நடுவே சிவப்புச் சிவப்பாகச் சின்னக் குச்சிகள், க்ஷயரோகக் கிருமிகள். ஒன்றிரண்டு இருந்தால் தேட வேண்டியிருக்கும். தேடவே வேண்டியிருக்கவில்லை.

பயம் வந்தால் அதை வரிசையாக எழுதிப் பார்ப்பது என் வழக்கம். எழுதினால் குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம். அன்று டாக்டரின் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இப்படி எழுதினேன்: அண்ணன் போய்விடுவார். ஓட்டுப் போடும் நாளுக்கு முன்னால் போனால் எல்லாம் வெள்ளைப் பெட்டியால் என்பார்கள். பிறகு போனாலும் வெள்ளைப் பெட்டியால் என்பார்கள். நங்கை வாழ்நாள் முழுவதும் புருஷனைக் கொன்றவள் என்ற பேரோடு இந்த ஊரில் இருக்க வேண்டும். முதலில் சொல்லப்போவது அம்மா.

எழுதியும் குறையவில்லை.

நங்கையிடம் சொல்லத்தான் வேண்டும் என்று லீவு போட்டு வந்தேன். கிணற்று மேட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"வருஷம் தாண்டுமா அம்மிணி?"

"கஷ்டமுங்க நங்கையா."

"நான் எந்த நெறத்துல நின்னாலும்?"

"எந்த நெறத்துல நின்னாலுமுங்க. நிக்காட்டியுங்கூட."

அரிவாளைத் துடைத்துக் கீழே வைத்தார். எழுந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். நான் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்; எதற்கென்று எனக்கே தெரியாது.

"அத்தைக்கு இது தெரிய வேண்டாம்" என்றார். பிறகு, "அப்பப் பழி வாரது நிச்சயம். ஓட்டாவது வரட்டும்."

5

மறுநாள் திருச்செங்கோட்டுச் சந்தையில் நெசவாளி ஒருவரிடம் வெள்ளைச் சீலை வாங்கினார். அவர் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். எனக்குத்தான் என்று நங்கை சொன்னதும், குங்குமத்தைப் பார்த்துவிட்டு விலை சொல்லாமலே உள்ளே போய்விட்டாராம். நங்கை பணத்தைப் பலகையில் வைத்துவிட்டு வந்தாராம்.

நங்கை அந்தச் சீலையை அண்ணனின் கட்டிலில் வைத்தார்.

"ஏனுங்க, இதைக் கட்டிட்டு ஓட்டுக் கேக்கப் போலாம்னு இருக்கறன். நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

அண்ணன் துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்ல நூலு."

"வெளையாடாதீங்க."

"வெளையாடல நல்லம்மா. தாம் போன பொறவு பொண்டாட்டி எப்படி இருப்பாள்னு ஒருத்தனும் பாத்ததில்ல. எனக்குக் குடுத்து வெச்சிருக்குது. கட்டிட்டு வா, பாக்கறன்."

நங்கை உள்ளே போனார். கட்டிக்கொண்டு வந்து நின்றார். நெற்றியில் எப்போதும் வைப்பதைவிடப் பெரிய பொட்டு, முகத்தில் பூசிய மஞ்சள், தாலியை எடுத்து வெளியே போட்டிருந்தார். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் பொட்டு மட்டும் இல்லாம எப்படியிருக்கும்னு யோசிச்சேன். வேண்டாம், இதே போதும்" என்றவர் இருமத் தொடங்கினார். நான் கிண்ணத்தோடு ஓடினேன்.

அம்மா அன்று மத்தியானமே நாமக்கல்லில் இருந்த என் மாமன் வீட்டுக்கு வண்டி பூட்டச் சொன்னாள். போகும்போது மருமகளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என்னிடம் மட்டும், "நீ படிச்சவதானே. நீயும் பாத்துக்கிட்டு நின்னியா?" என்றாள்.

முதல் ஊரில் ஒரு பெண்ணும் வெளியே வரவில்லை. இரண்டாவது ஊரில் ஒருத்தி வந்து, பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். முத்துசாமி அண்ணன் போய்விட்டார் என்று நினைத்துவிட்டாள். நங்கை அவளைப் பிடித்து நிறுத்தினார். சுற்றிலும் ஆட்கள் சேரும்வரை காத்திருந்தார்.

"அழுகாதே கண்ணு. அவுரு இருக்காரு. காலையில கம்மங்கூழு குடிச்சாரு, உப்புப் பத்தலைன்னு என்னை வஞ்சாரு. இங்க பாருங்க. வெள்ளைய நான் மேலேயே சுத்தியிருக்கறன். கட்டுன எனக்கே ஒண்ணும் ஆகலையாட்ட இருக்குது. நீங்க ஒரு சீட்ட அந்தப் பொட்டியில போடறதுல என்ன ஆயிரப் போகுது?"

யாரோ ஒரு கிழவர், "அம்மா தகிரியம் வேற ஒருத்தருக்கும் வராது" என்றார். பெண்கள் வீட்டுக்குள் போகவில்லை.

அதே பேச்சைத்தான் எல்லா ஊரிலும் பேசினார். பேச்சு நன்றாக இருந்தது. அதன் பாரம் முழுவதும் அண்ணனின் மூச்சின்மேல் நின்றது. அவர் ஓட்டுக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் அத்தனையும் பொய்யாகிவிடும். நான் வேலைக்கு லீவு எழுதிப்போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன். ஓட்டுக்கு முந்தின வாரம் இருமலில் இரத்தம் வந்தது. அந்தத் துணிகளை வாய்க்காலில் துவைக்கவில்லை, யாராவது பார்த்துவிடுவார்கள். அடுப்பில் போட்டு எரித்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்ச நாளு இழுத்துப் பிடிக்கோணும்ல அம்மிணி? பிடிக்கறன்" என்றார். தேர்தலுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

6

இங்கே இலங்கையில், எங்கள் மகள் கமலாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் வெள்ளைக் கவுன். வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்ற மாட்டாள். சிநேகிதியின் அக்காவுக்குக் கலியாணம் ஆனதாம், பெண் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாம், தேவதை மாதிரி இருந்தாளாம். "எனக்கும் கலியாணத்துக்கு அப்படி வேணும்" என்றாள். நான் அவளுடைய வாயைப் பொத்திவிட்டேன். அவள் திகைத்துப்போய், தன் அப்பாவிடம் ஓடி, பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் என்னைப் பற்றிப் புகார் சொன்னாள். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர். அந்த மொழிகளை என்னைவிட நன்றாகப் பேசுவார். இருவரும் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில், சீருடைச் சீலையில் ஒரு நீலக் கரையாவது இருக்கலாமா என்று விண்ணப்பம் எழுதிப்போட்டேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று யோசித்து, "வழக்கம்" என்று எழுதினேன். எந்த வழக்கம், எந்த ஜாதிக்கு உரியது, சான்று உண்டா என்று கேட்டு அது திரும்பி வந்தது. மறுபடி அனுப்பவில்லை. இப்போது எங்களுக்கு இங்கே ஓட்டு உண்டா என்று பார்க்க வேறு கேள்விகள். எந்த வருஷம் வந்தீர்கள், கப்பலேறும் முன் மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு எங்கே, இந்த நாட்டிலேயே இருந்துவிடும் எண்ணம் உண்டா இல்லையா என்று கேட்கிறார்கள். எண்ணத்துக்குச் சான்று எங்கே வாங்குவது என்று கேட்டேன். குமாஸ்தா நல்லவர். அவருக்கும் தெரியவில்லை.

7

ஓட்டுப் போடும் நாள் வந்தது. அண்ணன் இருந்தார். நங்கை வெள்ளையில்தான் போனார். பெண்கள் வரிசையாக நின்றார்கள். மறைப்புக்குள் ஒவ்வொருவராகப் போய், எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் வெளியே வந்தார்கள். உள்ளே போகும்போது மடியில் எதையோ முடிந்திருந்தார்கள். வெற்றிலைப் பாக்கு என்று நினைத்தேன்.

எண்ணுவது சேலத்தில். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று நங்கைக்குத் துணையாக என்னை உள்ளே விட்டார்கள். அதிகாரி வேறு ஜில்லாவிலிருந்து வந்தவர், சிரிக்காத மனிதர். மஞ்சள் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள், சீட்டுகள் கொட்டின. வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தார்கள். மேஜைமேல் கடகடவென்று ஏதோ உருண்டது.

விரலி மஞ்சள்.

அறுவடைக் காலம், வயலிலிருந்து பிடுங்கிய பச்சை மஞ்சள். பெட்டியின் வாய்க்குள் நுழைகிற மாதிரி மெல்லிய விரல்களாகப் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். சிலவற்றில் நூல் சுற்றியிருந்தது. அடுத்த பெட்டியிலும் மஞ்சள். அதற்கடுத்ததிலும். அந்த அறை முழுவதும் கலியாண வீடு மாதிரி மணந்தது. சீட்டுப் போட்ட கையாலேயே அதற்குப் பரிகாரத்தையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளைக்குள் மஞ்சளை வைத்தால் நங்கையின் தாலிக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர்கள் கணக்கு.

நங்கை ஒரு துண்டைக் கையில் எடுத்தார். அதிகாரி பார்த்ததும் வைத்துவிட்டார்.

மிட்டாதாரின் வக்கீல் எழுந்தார். சீட்டுகளில் மஞ்சள் கறை இருக்கிறது, அடையாளம் உள்ள சீட்டு செல்லாது, அத்தனையையும் தள்ள வேண்டும் என்றார். பெரும்பாலான சீட்டுகளில் கறை இருந்தது உண்மைதான். பெண்கள் நங்கையைக் காப்பாற்றப் போட்டதே நங்கையைத் தோற்கடிக்கப் போகிறது.

அதிகாரி நங்கையைக் கேட்டார்: "இதைப் போடச் சொன்னது நீங்களா?"

"இல்லீங்க. எனக்கே இப்பத்தானுங்க தெரியும்."

"யார் யார் போட்டார்கள் என்று சொல்ல முடியுமா?"

"பொட்டி மூடித்தானுங்க இருந்துது."

அவர் ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வக்கீலிடம், கறை பெட்டிக்குள் பட்டது, எந்தச் சீட்டு யாருடையது என்று இந்தக் கறையை வைத்து ஒருவராலும் சொல்ல முடியாது, ஆகவே இது அடையாளம் ஆகாது என்றார். எண்ணச் சொன்னார். வக்கீல் உட்கார்ந்தார்.

ஆனால் விரலி மஞ்சள் ஓட்டு ஆகாது. மேஜையைச் சுத்தம் செய்யச் சொன்னார். சேவகர் மஞ்சளையெல்லாம் ஒரு கூடையில் வழித்தார். நங்கை எழுந்தார்.

"சாமி, அதை எனக்குக் குடுத்துருங்க."

"பெட்டியில் இருந்ததை யாருக்கும் கொடுக்க முடியாதம்மா."

"ஓட்டு வேண்டாமுங்க. அதை மட்டும்."

அதிகாரி தலையசைத்து மறுத்தார். சேவகர் கூடையைக் கொண்டுபோய், கட்டடத்துக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் கொட்டினார். சன்னல் வழியாக எங்களுக்குத் தெரிந்தது. வெளியே நின்ற எங்கள் வண்டிக்காரருக்கும் தெரிந்தது; அவர் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நங்கை அந்தச் சன்னலை விட்டு நகரவில்லை. சொற்ப வித்தியாசத்தில் அவர் ஜெயித்ததாகப் படித்தபோது அவர் அதைக் கேட்டாரா என்றே எனக்குச் சந்தேகம்.

8

வைகாசியில் அண்ணன் போய்விட்டார். சட்டசபை இன்னும் கூடவில்லை.

நான் எதிர்பார்த்த நாள் வந்துவிட்டது. வாசல் நிறைய ஆட்கள். அம்மா நாமக்கல்லிலிருந்து வந்து அண்ணனின் தலைமாட்டில். நங்கை சுவரோரமாக, தலையைக் குனிந்துகொண்டு. நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்: இது நோய், தேர்தலுக்கு முன்பே வந்தது, என் கண்ணால் பார்த்தேன், வேண்டுமானால் டாக்டரைக் கேளுங்கள்.

மாமன் வீட்டுப் பெண் ஒருத்தி ஆரம்பித்தாள். "உசுரோட இருக்கறவனுக்கு வெள்ளைய—"

"வாய மூடு" என்றாள் அம்மா.

அம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அவ கட்டுன வெள்ளைக்குத்தான் ஜில்லாவே மஞ்சளப் போட்டுச்சு. பொட்டி பொட்டியா மஞ்சள். என்ற மகன் அதுலதான் இத்தன நாளு இருந்தான். அத அள்ளிச் சாக்கடையில கொட்டுனானே அந்த ஆபீசரு, அவன் கை வெளங்குமா?"

ஒரு கணம்தான். பிறகு எல்லாப் பெண்களும் அந்த ஆபீசரைப் பிடித்துக்கொண்டார்கள். அவருடைய கையை, வம்சத்தை, அவரைப் பெற்றவளை எல்லாம் சபித்து அழுதார்கள். அந்த வாசலில் நங்கையைப் பற்றி ஒரு சொல் எழவில்லை. அதன் பிறகும் எந்த ஊரிலும் எழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. கறைபட்ட சீட்டுகளை எண்ணச் சொன்னவர் அந்த ஆபீசர்தான். அவர் இல்லையென்றால் நங்கை ஜெயித்திருக்க முடியாது. அதைச் சொல்ல அங்கே இரண்டு பேர் இருந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. நங்கையும் திறக்கவில்லை. அவர் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. அம்மா அதை நம்பித்தான் சொன்னாளா, மருமகளை மறைக்கச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் தைரியம் வருவதற்குள் நான் கலியாணமாகிக் கப்பலேறிவிட்டேன்.

ஆடியில் சட்டசபை கூடியது. துக்கம் முடியாமல் வெளியே போகக்கூடாது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அம்மா வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டாள். சேலம் ஸ்டேஷன்வரை நான் உடன் போனேன். ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் நங்கை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அம்மிணி, நீ படிச்சவ. உன்னையத்தான் கேக்கோணும். அந்தச் சீலைய நான் கட்டாம இருந்திருந்தா?"

இத்தனை பேர் பயந்தபோது பயப்படாதவர். கண்கள் பெரிதாக விரிந்திருந்தன.

"ரெண்டுக்கும் சம்பந்தமில்லீங்க நங்கையா."

"நெசமா?"

"நெசமுங்க. நானே பாத்தனுங்க."

"நான் கேக்கறதுக்கு அங்க ஆளிருக்காது. நீ இதையே எழுதிப்போடு. வேற சேதி எதுவும் இல்லாட்டியும் பரவால்ல. இதை எழுதிப்போடு."

எழுதுகிறேன். அவருக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் நலம் விசாரிக்கும் முன்பே, முதல் வரியாக, ரெண்டுக்கும் சம்பந்தமில்லீங்க நங்கையா என்று எழுதுகிறேன். போன வாரம் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்த அன்றும் எழுதினேன். கட்டியிருந்த வெள்ளை வேலைச் சீலையைக்கூட மாற்றவில்லை. அந்த வரியை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனேன். என் கணவர் இரவு வேலை முடிந்து வந்து பகல் தூக்கத்தில் இருந்தார். அவருடைய மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. திரும்பி வந்து அடுத்த வரியை எழுதினேன்.